கூடிக்கொண்டே போன சதவீதம்

2025 பிப்ரவரி 19 காலை. பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும் வழியில் மும்பையிலிருந்து அக்கா மகள் அழைத்தாள். வணக்கமும் இல்லை, நலம் விசாரிப்பும் இல்லை.

"மாமா, மூன்று சதவீதத்தைத் தாண்டிவிட்டதாம். போன வாரம் இரண்டு என்றுதானே சொன்னீர்கள்? நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகிறதே!"

2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோதக்கூடும் என்று பேசப்பட்ட 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோளைப் பற்றித்தான் கேட்டாள். மோதினால் எங்கெங்கு மோதலாம் என்று ஒரு நீண்ட பட்டையை வரைந்து வெளியிட்டிருந்தார்கள். பசிபிக்கின் கிழக்குப் பகுதியில் தொடங்கி, தென் அமெரிக்காவின் வடக்கு, அட்லாண்டிக், ஆப்பிரிக்கா, அரபிக்கடல் வழியாகத் தெற்காசியாவரை அது நீண்டது. அந்தப் பட்டையில் மும்பையைப் பார்த்ததிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. அவளுக்கு இரண்டு சிறு குழந்தைகள்.

"கூடுவது கெட்ட சேதி என்று நினைக்காதே அம்மா. அது முறையாக நடக்கிற வேலையின் அடையாளம். இன்னும் சில நாளில் சட்டென்று இறங்கிவிட வாய்ப்பு அதிகம்" என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "கூடினால் நல்லதா? என்ன மாமா பேசுகிறீர்கள்?" என்று வைத்துவிட்டாள்.

தெருவில் நின்றுகொண்டு தொலைபேசியில் விளக்கக்கூடிய விஷயமும் அல்ல. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் வானியல் படித்தவன் அல்லன். நில அளவைத் துறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒட்டன்சத்திரத்தில் இருக்கிறேன். அளவுச் சங்கிலியில் தொடங்கி, கோணம் அளக்கும் தியோடலைட் பிடித்து, கடைசியில் கோணத்தோடு தூரத்தையும் நேராக அளக்கும் டோட்டல் ஸ்டேஷன்வரை வந்தவன். ஓய்வுக்குப் பிறகு, சிறுகோள்களின் பாதையை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று படிக்கத் தொடங்கியபோது எனக்கு ஏற்பட்ட உணர்வு, வெளியூரில் சொந்தக்காரர் வீட்டைக் கண்டதைப் போன்றது. இரண்டும் ஒரே வேலை. தெரிந்த கற்களிலிருந்து தெரியாத புள்ளியைக் கோணம் வைத்துப் பிடிப்பது. பிழை எங்கே எவ்வளவு என்பதை மறைக்காமல் எழுதி வைப்பது.

முதலில் பெயர். சிறுகோளின் பெயரே அதன் பிறப்புச் சான்றிதழ். 2024 என்பது ஆண்டு. அடுத்த எழுத்தான ஒய், டிசம்பர் மாதத்தின் பிற்பாதியைக் குறிக்கிறது. ஆர் என்ற எழுத்தும் 4 என்ற எண்ணும் சேர்ந்து, அந்த அரைமாதத்தில் பதிவான 117ஆவது சிறுகோள் இது என்கின்றன. ஆங்கில எழுத்து வரிசையில் ஐ-யை விட்டுவிட்டு எண்ணினால் ஆர் பதினேழாவது, நான்கு முறை இருபத்தைந்து நூறு, கூட்டினால் 117. எங்கள் புல எண்ணும் உட்பிரிவு எண்ணும் போல, பார்த்தவுடன் விவரம் சொல்லும் ஏற்பாடு.

அதைக் கண்டுபிடித்தது சிலி நாட்டின் ரியோ உர்த்தாடோவில் உள்ள, சிறுகோள்களைத் தேடும் அட்லஸ் தொலைநோக்கி. நாள் 2024 டிசம்பர் 27. ஆனால் இரண்டு நாள் முன்னதாகவே, டிசம்பர் 25 அன்று, அது பூமிக்கு மிக அருகில், சுமார் 8,29,000 கிலோமீட்டர் தொலைவில் கடந்து போய்விட்டிருந்தது. அதாவது நாம் பார்த்தது அதன் முதுகை. ஒவ்வொரு இரவும் விலகிக்கொண்டும் மங்கிக்கொண்டும் போகிற ஒன்றை அளக்க வேண்டியிருந்தது. ஜனவரியில் சிறிய தொலைநோக்கிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. பிப்ரவரியில் பெரிய கருவிகளால் மட்டுமே அதைப் பிடிக்க முடிந்தது. போதாக்குறைக்குப் பௌர்ணமி வேறு வந்தது. பிப்ரவரி 11 தைப்பூசம். எங்கள் ஊர் வழியாகப் பழனிக்கு நடந்து போகிற கூட்டம் இரவெல்லாம் ஓயவில்லை. நிலா வெளிச்சத்தில் பச்சை வேட்டிகளின் வரிசை தெளிவாகத் தெரிந்தது. நடப்பவர்களுக்குத் துணையாக வந்த அதே வெளிச்சம், மங்கலான ஒரு புள்ளியைத் தேடுகிறவர்களுக்கு வானத்தை வெளுக்க வைத்துவிடும் என்று வாசலில் நின்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அளப்பது எப்படி? தொலைநோக்கி தருவது வெறும் படம். படத்தில் நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு புள்ளி நகர்ந்திருக்கும். சுற்றியுள்ள நட்சத்திரங்களின் இடம் துல்லியமாகத் தெரியும் என்பதால், அவற்றை வைத்து இந்தப் புள்ளியின் திசையைக் கண்டுபிடிக்கிறார்கள். நட்சத்திரங்கள்தான் இங்கே ஆதாரக் கற்கள். அந்தக் கற்களைத் திருத்தமாக நட்டுக் கொடுத்தது ஐரோப்பியர்களின் கையா விண்கலம். 2013இல் ஏவப்பட்டு, நூறு கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் இடத்தை அளந்தது. ஆதாரக் கல் சரியாக இல்லாவிட்டால் அதிலிருந்து அளக்கும் எதுவும் சரியாக இருக்காது. இதை நான் எங்கே கற்றேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் பல ஆண்டுகள் கையில் வைத்திருந்த தியோடலைட்டில் படிக்க முடிந்த மிகச் சிறிய கோணம் இருபது விநாடி. இது நேரத்தின் விநாடி அல்ல, ஒரு டிகிரியில் 3,600இல் ஒரு பங்கு. ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரு கல்லைக் குறிபார்த்தால், அது பத்து சென்டிமீட்டர் வித்தியாசம். சிறுகோளை அளப்பவர்கள் ஒரு விநாடிக்கும் கீழே படிக்கிறார்கள். ஒரு கோண விநாடி என்பது, நான்கு கிலோமீட்டர் தொலைவில் வைத்த ஒரு ரூபாய் நாணயம் நம் கண்ணுக்குக் காட்டும் அகலம். அதில் பாதி, கால் பகுதி என்று அவர்கள் வாதிடுகிறார்கள். முதன்முறை படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து நடந்தேன்.

அந்த அளவீடுகளெல்லாம் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் உள்ள சிறுகோள் மையத்துக்குப் போய்ச் சேர்கின்றன. பழைய வடிவத்தில் ஓர் அளவீட்டுக்கு ஒரு வரி. ஒரு வரிக்கு எண்பது எழுத்து. சிறுகோளின் பெயர், நாளும் நேரமும், இரண்டு கோணங்கள், ஒளியளவு, கடைசியில் அளந்த நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீடு. எங்கள் அளவைப் புத்தகத்தைப் போலவே சிக்கனமான எழுத்து. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், கணக்குப் போடலாம். சுற்றுப்பாதை கணக்கிடுவதற்கென்று பில் கிரே என்பவர் எழுதிய ஃபைண்ட் ஆர்ப் என்ற மென்பொருளும் இலவசமாகவே கிடைக்கிறது. என் மடிக்கணினியில் அதுதான் இருக்கிறது.

பிப்ரவரி முதல் வாரத்தில் ஓர் இரவு இப்படிச் செய்து பார்த்தேன். முதல் இரண்டு இரவுகளின் அளவீடுகளை மட்டும் கொடுத்தேன். விடை வந்தது. அளவீடுகளோடு அருமையாகப் பொருந்தியது. தொடக்கத் தூரத்தைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தேன். வேறொரு விடை. அதுவும் ஏறக்குறைய அதே அளவுக்குப் பொருந்தியது. கோணம் மட்டும்தானே அளந்திருக்கிறோம்? தூரத்தை யாரும் அளக்கவில்லை. கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் வேகமாக ஓடும் ஒரு கல்லும், கொஞ்சம் கிட்டே, கொஞ்சம் மெதுவாக ஓடும் ஒரு கல்லும் ஓரிரு இரவுகளுக்கு வானத்தில் ஒரே கோட்டைத்தான் வரையும். பிறகு ஒரு வார அளவீடுகளைச் சேர்த்தேன். பிறகு ஜனவரி முழுவதையும். விடைகள் நெருங்கிக்கொண்டே வந்தன. சூரியனை ஒரு முறை சுற்ற நான்கு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. அதனால்தான் 2024, 2028, 2032 என்று நான்கு ஆண்டுக்கு ஒரு முறை நம் பக்கம் வந்து போகிறது.

ஒரு பாதையைச் சொல்ல ஆறு எண்கள் போதும். ஒவ்வோர் அளவீடும் இரண்டு கோணம் தருகிறது. ஆகவே மூன்று அளவீடு இருந்தால் ஆறு எண்களும் கிடைத்துவிடும். ஆனால் மூன்று மட்டும் வைத்துப் போட்ட கணக்கில் பிழை எங்கே இருக்கிறது என்று தெரியவே தெரியாது. நானூறு அளவீடுகள் இருந்தால், எல்லாவற்றுக்கும் நடுவே போகிற பாதையை எடுக்கலாம். ஒவ்வொன்றும் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்றும் பார்க்கலாம். அந்த விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் வரும் தொகை எந்தப் பாதைக்கு மிகக் குறைவோ, அதுவே சிறந்த பாதை. இதைத்தான் மீச்சிறு வர்க்க முறை என்கிறோம்.

எனக்குப் பிடித்த ஒரு வரலாறு இதில் இருக்கிறது. 1801 ஜனவரி 1 அன்று சிசிலியின் பலெர்மோ நகரில் பியாசி என்ற பாதிரியார் முதல் சிறுகோளான சீரிஸைக் கண்டுபிடித்தார். பிப்ரவரி 11 வரைதான் பார்த்தார். அதற்குள் அது சூரியனின் பக்கமாகப் போய்விட்டது. வானத்தில் ஏறத்தாழ மூன்று டிகிரி நீளத்துண்டுதான் கையில் இருந்தது. மறுபடி எங்கே எழும் என்று பெரிய பெரிய அறிஞர்கள் தேடித் தவித்தபோது, காஸ் என்ற இருபத்து நான்கு வயது ஜெர்மன் கணித அறிஞர் கணக்குப் போட்டு இடத்தைச் சொன்னார். ஆண்டு முடியும் தறுவாயில், அவர் சொன்ன இடத்துக்கு அருகிலேயே அது அகப்பட்டது. அதே காஸ்தான் பின்னாளில் ஹனோவர் நாட்டின் நிலத்தை முக்கோண முறையில் அளந்தார். வானத்தை அளந்த கணக்கையே தரையிலும் வைத்தார். சீரிஸ் மறுபடி கிடைத்து நான்கு மாதம்கூட ஆகவில்லை, 1802 ஏப்ரலில் லாம்டன் என்ற ஆங்கிலேய அளவையாளர் சென்னைப் பரங்கிமலை அருகே இந்தியப் பெரும் முக்கோண அளவையின் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இரண்டையும் இணைக்க எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆனாலும் அந்த இரண்டு தேதிகளையும் என் குறிப்பேட்டில் ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

இனி மோதும் கணக்கு.

ரயில்வே கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சாலை ஓரிடத்தில்தான் தண்டவாளத்தைக் கடக்கிறது. பஸ்ஸும் ரயிலும் அந்த இடத்துக்கு ஒரே நேரத்தில் வந்தால்தான் ஆபத்து. பூமி விநாடிக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. தன் விட்டமான 12,742 கிலோமீட்டரைக் கடக்க அதற்கு ஏழு நிமிடம் போதும். இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்கிற இடம் ஓரளவு நன்றாகவே தெரிகிறது. தெரியாதது நேரம். எட்டு ஆண்டு கழித்து, அந்த ஏழு நிமிடத்துக்குள் சிறுகோளும் அங்கே வருமா?

எட்டு ஆண்டு என்பது சிறிய பிழையையும் வளர்த்துவிடும். வேகத்தில் விநாடிக்கு ஒரே ஒரு சென்டிமீட்டர் தப்பு என்று வையுங்கள். எறும்பு ஊர்கிற வேகம். எட்டு ஆண்டில் அது 2,500 கிலோமீட்டர் ஆகிவிடும். உண்மையில் அதைவிடவும் பெருகும். ஏனென்றால் வேகம் மாறினால் சுற்றும் காலமே மாறிவிடுகிறது. ஆகவே 2032 டிசம்பர் 22 அன்று சிறுகோள் இருக்கக்கூடிய இடங்களையெல்லாம் குறித்துப் பார்த்தால், அவை உருண்டையாகக் குவிந்திருப்பதில்லை. பாதையின் நெடுகே நூல் பிடித்தாற்போல் மெல்லிய நீண்ட ஒரு கோடாகக் கிடக்கின்றன. அந்த நூலில் பூமி ஒரு மணி.

கலிபோர்னியாவின் பாசடீனாவில் உள்ள ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் சென்ட்ரி என்ற அமைப்பு இந்தக் கணக்கைத் தானாகவே செய்கிறது. இத்தாலியில் பிசா நகரத்துக் குழுவும், ரோமுக்கு அருகே ஃப்ரஸ்காட்டியில் ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும் தனித்தனியே அதே கணக்கைப் போடுகின்றன. மூவரும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அளவீடுகளோடு பொருந்துகிற ஏராளமான பாதைகளை எடுத்து, சூரியன், கோள்கள், நிலா எல்லாவற்றின் ஈர்ப்பையும் சேர்த்து ஒவ்வொன்றையும் எதிர்காலத்துக்கு ஓட்டிப் பார்க்கிறார்கள். நூறு பாதைகளில் எத்தனை பூமியைத் தொடுகின்றனவோ அதுதான் சதவீதம். சிறுகோள் தீர்மானமற்று அலைகிறது என்பதல்ல பொருள். அது போகப்போகும் பாதை ஒன்றே ஒன்றுதான். எது அது என்பதுதான் நமக்கு இன்னும் தெரியவில்லை.

அப்படியானால் சதவீதம் ஏன் கூடியது? இதற்கு நான் கள்ளிமந்தையம் பக்கம் 1998இல் செய்த ஒரு வேலையைத்தான் சொல்ல வேண்டும்.

அண்ணன் தம்பி இருவருக்கும் எல்லைத் தகராறு. நடுக்கல்லைக் காணோம். பழைய புலப்படத்தின்படி கல் எந்தக் கோட்டின் மேல் இருக்க வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்தது. எவ்வளவு தூரத்தில் என்பதில்தான் குழப்பம். பழைய அளவு சங்கிலி போட்டு எடுத்தது. மேடு பள்ளம், சங்கிலியின் தொய்வு எல்லாம் அதில் கலந்திருந்தன. காலையில் நான் போட்ட கணக்குப்படி, கல் அந்தக் கோட்டில் அறுபது மீட்டர் நீளத்துக்குள் எங்கேயும் இருக்கலாம். அந்த அறுபது மீட்டருக்குள் ஆறு மீட்டர் அகலக் கிணறு ஒன்றும் இருந்தது. கல் கிணற்றுக்குள் சரிந்து விழுந்திருந்தால், எல்லை கிணற்றின் நடுவே ஓடும். தண்ணீரில் பங்கு, அதையொட்டிய வழக்கு, எல்லாம் கிளம்பும். தம்பிக்கு அந்தப் பயம்.

அறுபதில் ஆறு, பத்து சதவீதம். மதியம், மூன்று எல்லைகள் கூடும் முச்சந்திக் கல்லிலிருந்து மறுபடி அளந்தேன். நீளம் முப்பது மீட்டராகச் சுருங்கியது. கிணறு இன்னும் அதற்குள்தான் இருந்தது. முப்பதில் ஆறு, இருபது சதவீதம். மூன்று மணிக்கு மற்றொரு மூலையிலிருந்து பிடித்தேன், பதினைந்து மீட்டர். கிணறு ஓரமாக, ஆனால் உள்ளேதான். நாற்பது சதவீதம். "சர்வேயர் கிணற்றை நோக்கியே போகிறார்" என்று தம்பி சத்தம் போட்டார். நான் கிணற்றை நோக்கிப் போகவில்லை. நான் கல்லைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். கிணறு அதன் பாட்டுக்கு இருந்த இடத்தில் இருந்தது. சாயங்காலம் கடைசி அளவில் நான்கு மீட்டர் ஆனது. கிணறு வெளியே போய்விட்டது. புளியமர வேருக்கு அடியில் இரண்டடி ஆழத்தில் கல் கிடைத்தது. கிணற்றிலிருந்து பத்தடி தள்ளி.

2024 ஒய்ஆர்4-இல் நடந்தது முழுக்க இதுவேதான். பூமியின் அகலம் மாறவில்லை. நூலின் நீளம் சுருங்கிக்கொண்டே வந்தது. சுருங்கும் நூலுக்குள் பூமி இன்னும் இருக்கிறவரை, சதவீதம் கூடித்தான் ஆக வேண்டும். வேறு வழியே இல்லை. ஜனவரி 27 அன்று ஒரு சதவீதத்தைத் தாண்டியது. உலகச் சிறுகோள் எச்சரிக்கை வலையமைப்பின் விதிப்படி, பத்து மீட்டருக்கு மேற்பட்ட ஒரு கல்லுக்கு ஒரு சதவீதம் வந்துவிட்டால் அறிவிக்க வேண்டும். 29 அன்று முறைப்படி அறிவித்தார்கள். மோதல் ஆபத்தைப் பூஜ்யம் முதல் பத்துவரை மதிப்பிடும் டொரினோ அளவுகோலில் மூன்றாம் படி. பிப்ரவரி 18 அன்று 3.1 சதவீதம். இந்த அளவுள்ள ஒரு சிறுகோளுக்கு அதுவரை யாரும் எழுதியிராத எண். அக்கா மகள் அழைத்தது அதைக் கேட்டுத்தான். அடுத்த நாள் 1.5. அதற்கடுத்த நாள் 0.28. பிப்ரவரி 24 அன்று 0.004. நூலின் முனை பூமியைத் தாண்டிவிட்டது.

அன்று மாலை நானே அழைத்தேன். சேதி அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்படியென்றால் அந்த 3.1 தப்பா மாமா?" என்று கேட்டாள். தப்பு இல்லை, அன்றைக்குக் கையில் இருந்த அளவீடுகளுக்கு அதுதான் சரியான விடை என்றேன். "உறுதியாகத் தெரிகிறவரை சொல்லாமலே இருந்திருக்கலாமே. எத்தனை பேருக்குப் பயம்!" என்றாள். அந்த நாட்களில் படித்தவர்கள் பலரும் இதையேதான் எழுதினார்கள்.

இதில் எனக்கு வலுவான கருத்து உண்டு. அது வந்த வழியையும் சொல்லியாக வேண்டும்.

2005 ஜனவரியில் எங்களில் சிலரைத் திண்டுக்கல்லிலிருந்து நாகப்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். ஆழிப்பேரலை அடித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். கீச்சாங்குப்பத்திலும் அக்கரைப்பேட்டையிலும் கடலிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி மறுபடி வீடு கட்டலாம் என்பதற்கு அளவு எடுக்க வேண்டும். எல்லைக்கற்களைத் தேடினோம். சில கிடைக்கவே இல்லை. சில கிடைத்தன, ஆனால் அவை நட்ட இடத்தில் இல்லை. தண்ணீர் அவற்றைப் பெயர்த்து எடுத்துப் போய் வேறெங்கோ போட்டிருந்தது. கையில் கல் இருந்தும் அதிலிருந்து எதையும் அளக்க முடியாது என்ற நிலையை நான் அங்கேதான் பார்த்தேன். உள்நாட்டில் பல கிலோமீட்டர் தள்ளியிருந்த கற்களிலிருந்து கோணம் பிடித்துக்கொண்டு வந்தோம். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்த மீனவர் ஒருவர், வீடு இருந்த இடம் இது என்று மணலைக் காட்டினார். அதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

சுமத்ரா அருகே நிலம் நடுங்கியது நம் நேரப்படி காலை 6 மணி 28 நிமிடத்துக்கு. அலை நம் கரைக்கு வரும்போது ஒன்பது மணியை ஒட்டியிருந்தது. இரண்டரை மணி நேரம் இருந்தது. இந்தியப் பெருங்கடலில் அன்று எச்சரிக்கை அமைப்பு எதுவும் இல்லை. அலை வருமா என்று உறுதியாகத் தெரியாது, பத்துக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது, கரையை விட்டு விலகி நில்லுங்கள் என்று யாராவது சொல்லியிருந்தால்கூட அந்த மனிதருக்கு ஒரு வீடு மட்டும்தான் போயிருக்கும்.

பல ஆண்டு கழித்துத்தான் எனக்கு இன்னொன்று தெரிந்தது. அதே வாரம், அதே நாட்களில், உலகின் சிறுகோள் கணக்காளர்கள் வேறோர் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2004 எம்என்4 என்ற சிறுகோள், இன்று அபோபிஸ் என்று பெயர். 2004 ஜூனில் அமெரிக்காவின் கிட் பீக்கில் கண்டு, பிறகு தொலைத்து, டிசம்பரில் மறுபடி பிடித்தார்கள். 2029 ஏப்ரல் 13 அன்று மோதலாம் என்ற கணக்கு டிசம்பர் 24 அன்று 1.6 சதவீதமாக இருந்தது. 27 அன்று 2.7 ஆனது. டொரினோ அளவுகோலில் நான்காம் படி. அதற்கு முன்பும் பின்பும் வேறெந்தச் சிறுகோளும் அந்தப் படியைத் தொட்டதில்லை. ஒய்ஆர்4-ஐப் போலவே கூடிக்கொண்டே போனது. இங்கே அலை அடித்த மறுநாள் அது. உலகமே நம் கரைகளைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அந்த எண்ணைக் கவனித்தவர்கள் குறைவு.

அபோபிஸ் கணக்கு தீர்ந்த விதமும் எங்கள் வேலையை நினைவூட்டுவது. தகராறு முற்றினால் நாங்கள் பழைய பதிவேட்டைத் தேடிப் போவோம். அவர்களும் அதையே செய்தார்கள். கிட் பீக்கில் ஸ்பேஸ்வாட்ச் குழு 2004 மார்ச் 15 அன்று எடுத்த படங்களில் அந்தச் சிறுகோள் யாரும் கவனிக்காமல் பதிந்து கிடந்தது. கண்டுபிடிப்புக்கு மூன்று மாதம் முந்தைய படம். அந்த ஒரு பழைய புள்ளி சேர்ந்ததும் நூல் ஒரேயடியாகச் சுருங்கியது. டிசம்பர் 27 அன்றே 2029 மோதல் இல்லை என்றாகிவிட்டது. பிறகு 2021 மார்ச்சில் ரேடார் வைத்து அளந்து, அடுத்த நூறு ஆண்டுக்குக் கவலை இல்லை என்றார்கள். ரேடார் தூரத்தையே நேராக அளந்துவிடும். தியோடலைட்டோடு மல்லாடியவன் டோட்டல் ஸ்டேஷனை முதன்முதலில் தொட்டபோது அடைந்த மகிழ்ச்சியை அவர்களும் அடைந்திருப்பார்கள்.

இந்த முறையில் போட்ட கணக்கு பலித்ததும் உண்டு. 2008 அக்டோபர் 6 அன்று அரிசோனாவில் ரிச்சர்ட் கொவால்ஸ்கி கண்டுபிடித்த 2008 டிசி3 என்ற நான்கு மீட்டர்க் கல், பத்தொன்பது மணி நேரத்துக்குள் சூடானின் நூபியப் பாலைவனத்தின் மேல் வந்து வெடிக்கும் என்று சொன்னார்கள். சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில் வெடித்தது. பின்னர் கார்ட்டூம் பல்கலைக்கழக மாணவர்கள் மணலில் வரிசை கட்டி நடந்து துண்டுகளைப் பொறுக்கினார்கள். விண்ணில் இருக்கும்போதே பார்த்து, பாதை கணக்கிட்டு, தரையில் துண்டு எடுத்த முதல் கல் அது.

ஆகவே அக்கா மகளிடம் நான் சொன்னது இதுதான். முடியாத கணக்கை முடியாத கணக்கு என்று சொல்லி, அன்றைய எண்ணை அன்றே வெளியிடுவதைத்தான் நான் விரும்புகிறேன். தேவையில்லாமல் மூன்று வாரம் தூக்கம் போனது உண்மை. அந்தத் தூக்கமின்மையை நான் ஏற்றுக்கொள்வேன். கீச்சாங்குப்பத்து மணலில் நின்ற பிறகு வேறு மாதிரி நினைக்க என்னால் முடியவில்லை. அவள் ஒப்புக்கொண்டாளா என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் அன்று பேச்சு ஒரு மணி நேரம் நீண்டது. நூலையும் மணியையும் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டியதாக மறுநாள் சொன்னாள்.

2025 மார்ச்சில் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி ஒய்ஆர்4-ஐ இரண்டு முறை பார்த்தது. அகலம் அறுபது மீட்டரை ஒட்டியது என்று தெரிந்தது. மே மாத அளவீட்டுக்குப் பிறகு நிலாவில் மோதும் வாய்ப்பு 4.3 சதவீதம் என்று அறிவித்தார்கள். அந்த எண்ணும் 1.7, 3.8, 4.3 என்று ஏறியே வந்தது. இந்த முறை அவள் பயப்படவில்லை. "நூல் சுருங்குகிறதா மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

அபோபிஸ் பூமிக்கு மிக அருகே வருவது நம் நேரப்படி 2029 ஏப்ரல் 14 அதிகாலை 3 மணி 16 நிமிடம். தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் உயரம். நமக்குத் தொலைக்காட்சி அனுப்பும் செயற்கைக்கோள்கள் இருப்பது அதற்கும் மேலே. அன்று சித்திரை முதல் நாள். வருஷப் பிறப்புக்குப் பிள்ளைகளோடு ஊருக்கு வந்துவிடுகிறேன் என்று இப்போதே சொல்லியிருக்கிறாள்.